மஞ்சள் குஞ்சும் என் ஆள்காட்டி விரலும்

என் வலக்கையில் ஆள்காட்டி விரல் இல்லை. அது எப்படிப் போனது என்பதற்குப் போடி கடைவீதியில் மூன்று கதை நடமாடுகிறது. பாம்பு கடித்தது என்கிறார்கள் சிலர். கஞ்சிப் பானை கவிழ்ந்து வெந்துபோனது என்கிறார்கள் சிலர். பங்களாப் பின்னல் கூடத்துக்கு வரும் பெண்களிடமோ, அருளாயி பிடிவாதக்காரி, வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இந்த மூன்றாவது கதை காதில் விழுந்த அன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாக்கட்டையைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஓடைப்பட்டிப் பக்கம். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்தேன். வாக்கப்பட்டுப் போடிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு இலவம் பஞ்சுக் கிட்டங்கியில் வேலை. காயை உடைத்துக் கொட்டை எடுத்துப் பஞ்சை மூட்டை கட்டுவார். வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் சம்சாரம் தன் பங்களாவில் ஒரு பின்னல் கூடம் வைத்திருந்தார். துரைசாணி என்றுதான் ஊரில் சொல்வோம். நாங்கள் ஆறு பெண்கள். குரோஷா ஊசி என்று ஒன்று, நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். ஒற்றை ஊசியால் நூலை இழுத்து இழுத்துக் கண்ணி போட்டுப் பின்னுவது. மேசை விரிப்பு, ரவிக்கைக் கரை, குழந்தைக் குல்லா எல்லாம் செய்வோம். அந்த வருஷம் துரைசாணி புதிதாக ஒன்று காட்டினார். உயிர்த்த ஞாயிறு பண்டிகைக்கு அவர் பிறந்த ஊர்க் கோயிலில் தர்மத்துக்காக ஒரு விற்பனை நடக்குமாம். அதற்கு மஞ்சள் கம்பளி நூலில் கோழிக்குஞ்சு வேண்டும் என்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு.

முதலில் நூலை வளையமாக்கி அதற்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு. கிண்ணம் மாதிரி குழிந்து வரும். கண்ணியைக் குறைத்தால் கழுத்து, மறுபடி கூட்டினால் உடம்பு. வாய் மூடுமுன் உள்ளே பஞ்சு திணித்து இறுக்க வேண்டும். றெக்கை இரண்டும் தனியாகப் பின்னித் தைக்க வேண்டும். கண்ணுக்குக் கறுப்பு நூலில் முடிச்சு. மற்ற ஐந்து பேருக்கும் தலை ஒரு பக்கம் சாயும். எனக்குச் சாயாது. துரைசாணி என் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இப்பொழுது கத்தும்" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. அந்தப் பெருமையையும் இங்கே எழுதத்தான் வேண்டும். என் விரல் போனதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

மார்கழி மாதம். குஞ்சுகளை அடுக்கிய பெட்டி தைக்கு முன்னால் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டும். கூடத்து ஊசிகளில் பாதி துருப்பிடித்தவை. மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டோம். இறுக்கமான கண்ணி ஒன்றுக்குள் கொக்கியை அழுத்தும்போது வழுக்கி, ஊசி பிடியிலிருந்து நழுவித் தலைகீழாகப் புரண்டு, அதைப் பிடிக்கப்போன வலக்கை ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில் ஏறிவிட்டது. கொக்கி அல்லவா, போனது மாதிரி திரும்பி வராது. பிடுங்கித்தான் எடுத்தேன். ஒரு சொட்டு ரத்தம். சேலையில் துடைத்துவிட்டுப் பின்னினேன்.

மறுநாள் விரல் துடித்தது. அதற்கு மறுநாள் நுனி பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. துரைசாணியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"அம்மா, விரல் விண்ணு விண்ணுனு தெறிக்கு. ரெண்டு நாள் வீட்டுல இருந்துக்கிறேன்."

அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். கிட்டத்தில் குனிந்தே பார்த்தார். வெந்நீரில் உப்புப் போட்டு என் விரலைத் தன் கையாலேயே முக்கி எடுத்தார்.

"சிறு காயம்தான், அருளாயி. இன்னும் பன்னிரண்டு குஞ்சுகள் இருக்கின்றன. உன்னைப்போல் யாருக்கும் வராது. நாலு நாள் பொறுத்துக்கொள்."

பொறுத்துக்கொண்டேன். அந்த நாலு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. வீங்கிய விரலைத் துணியால் சுற்றி, ஊசியை அதன்மேல் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் கண்ணில் நீர் வர, பன்னிரண்டு குஞ்சையும் முடித்தேன். ஒன்றின் தலையும் சாயவில்லை.

பெட்டி போன அன்றே குளிர்காய்ச்சல் வந்தது. உள்ளங்கை வீங்கி, கை புளித்த மாவு மாதிரி உப்பியது. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறியது. அக்குளில் நெறி கட்டியது. என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். உடனே கிட்டங்கிக்குப் போய், முதலாளியிடம் கேட்டு வண்டியும் மாடும் பிடித்து வந்தார்.

"மருதைக்குப் போறோம். பொம்பளைகளுக்குனு ஆஸ்பத்திரி இருக்காம்."

"அம்புட்டுத் தூரமா? பக்கத்துல மருந்து வச்சுக் கட்டினாப் போதாதா?"

"கோடு ஏறுது அருளாயி. நா வெரல வச்சு அளந்து பாத்துட்டேன். காலையில இருந்து ரெண்டு வெரக்கட ஏறிருச்சு."

வண்டியில் வைக்கோலைப் பரப்பி, என் கைக்கென்று தனியாக ஒரு பஞ்சு மூட்டை வைத்திருந்தார். பாதை முழுக்கக் குண்டும் குழியும். சக்கரம் இறங்கும்போதெல்லாம் கை பஞ்சுக்குள் புதைந்து மெல்ல எழும்பும். தேனியில் சந்தைக் கடைக்காரி ஒருத்தி, முன்பின் தெரியாதவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நீராகாரம் கொண்டுவந்து, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து புகட்டினாள். "போய்ட்டு வா ஆத்தா, ஒண்ணும் ஆகாது" என்றாள். அவள் பெயர் கேட்கவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது நான் பிதற்ற ஆரம்பித்துவிட்டேனாம். பதினெட்டுக்கு அடுத்து இருபத்துநாலு, இருபத்துநாலு என்று சொல்லிக்கொண்டே வந்தேனாம். அதற்கப்புறம் மதுரை போய்ச் சேரும்வரை எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு நீள வராந்தா. சுவரோரம் பெஞ்சு. எனக்கு முன்னால் இருபது பேராவது இருந்திருப்பார்கள். என்னைத் தரையில் கிடத்திவிட்டு என் வீட்டுக்காரர் கதவருகே போய் நின்றார். ஞானப்பூ என்ற நர்ஸ் வெளியே வந்தவள், துணியை விலக்கிக் கையைப் பார்த்தாள். உடனே உள்ளே எடுத்துப் போனார்கள்.

நாக்குக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குச்சியை வைத்தார்கள். உடம்புச் சூடு ஏற ஏற அதற்குள் பாதரசமும் ஏறும். என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நீல மருந்து கலந்து நெருப்பில் காட்டினார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறாது என்றாள் ஞானப்பூ. எனக்கு இல்லை. டாக்டரம்மா வெள்ளைக்காரி. ஒல்லியான உடம்பு, அவர் பேசும் தமிழ், புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கும். என் கையைத் தொட்டுப் பார்த்தார், முழங்கையை மடக்கினார், அக்குளை அழுத்தினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரை வராந்தாவுக்கு அழைத்தார்.

அவர் திரும்பி வந்தபோது இடக்கைப் பெருவிரலில் மை இருந்தது.

"என்ன மை அது?"

விரலை வேட்டியில் துடைத்தார்.

"எதுல ரேகை வச்சீக?"

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மணிக்கட்டோட எடுக்கணும்கிறாக. இல்லாட்டி உசுருக்கு ஆபத்தாம். நா என்ன செய்ய? எனக்கு நீ வேணும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வராந்தாவில் வைத்து என் கையைப் பற்றிப் பேசி முடித்த அந்த அம்மாள் மேல் வந்தது. காய்ச்சலில் எழுந்து உட்காரக்கூட முடியாதவள், வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "டாக்டரம்மாவக் கூப்பிடுங்க! கை எனக்கா அவருக்கா?"

டாக்டரம்மா வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கணவர் சம்மதித்துவிட்டார். நேரம் இல்லை."

"அவுக பஞ்சு மூட்டை கட்டுறாக. அந்தக் கைய அவுக வச்சு வேல பாக்கல. என்கிட்ட சொல்லுங்க. என்ன ஆச்சு, ஏன் எடுக்கணும், எடுக்காட்டி என்ன ஆகும். எனக்குப் புரியும்."

 அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் விரலை மடக்கிக் காட்டினார். விரலை மடக்குகிற நரம்பு ஓர் உறைக்குள் ஓடுகிறதாம், கத்திக்கு உறை மாதிரி. ஊசி குத்திய இடத்துச் சீழ் அந்த உறைக்குள் இறங்கி, உள்ளங்கைக்கு வந்துவிட்டது. சிவப்புக் கோடு என்பது விஷம் ரத்தத்தை நோக்கிப் போகிற பாதை. தோளுக்குப் போனால் கையை எடுத்தும் பயன் இல்லை.

"மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் ஒரு சிறு கீறல் போதும்" என்றார்.

மூன்று நாள் முன்னால் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்னேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அன்றே உள்ளங்கையையும் விரலையும் கீறிச் சீழை வடிப்பது. முழங்கைக்குக் கீழே, கோடு எதுவரை வந்திருக்கிறதோ அங்கே, மைப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இரண்டு நாள். சிவப்பு இந்த மையைத் தாண்டினால் நான் உன்னிடம் கேட்கமாட்டேன்." "தாண்டுனா நானே சொல்றேன், எடுங்கனு" என்றேன்.

முகத்தில் துணிக்கூம்பு வைத்துக் குளோரபாரம் என்ற மருந்தைச் சொட்டவிட்டார்கள். இனிப்பு வாசனை. வெளியே யாரோ மாவு இடிப்பதுபோல் காதுக்குள் சத்தம். அவ்வளவுதான். விழித்தபோது வாந்தி. கை ஒரு தொட்டியில், கார்பாலிக் கலந்த வெந்நீரில் மிதந்துகொண்டிருந்தது. கிருமிக்கு அது எமன் என்றாள் ஞானப்பூ. அந்த நாற்றம் என் தலைமுடியிலிருந்து போக ஒரு மாதம் ஆனது.

பக்கத்துக் கட்டிலில் உத்தமபாளையத்து கதீஜா பீவி. தொடை எலும்பு முறிந்து, காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆடவே முடியாது. அவருக்கு வாய் மட்டும்தான் ஆடும், நன்றாகவே ஆடும். அந்த இரண்டு நாளும் என் கைக்குக் காவல் அவர்தான். நான் கண்ணை மூடிக்கொள்வேன், எனக்குப் பார்க்கப் பயம். ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் கழுத்தை எக்கிப் பார்த்துச் சொல்வார்.

"அங்கனயே நிக்கிம்மா. தாண்டல."

இரண்டாம் நாள் மத்தியானம், "ஏ புள்ள, கண்ணத் தொற. கீழ எறங்கிருக்கு. மை தனியா நிக்கிது பாரு" என்றார்.

திறந்து பார்த்தேன். மைக்கோட்டுக்குக் கீழே அரை விரற்கடை, என் சொந்தத் தோல் நிறத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் வராந்தாவில் போய் நின்று அழுதார். அவருக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியாது.

கை தப்பியது. விரல் தப்பவில்லை. அதன் எலும்பு செத்துக் கறுத்துவிட்டது. இந்த முறை டாக்டரம்மா வராந்தாவுக்குப் போகவில்லை. முக்காலியில் உட்கார்ந்து என்னிடமே சொன்னார். அடியோடு எடுக்க வேண்டும், மற்ற நாலும் வேலை செய்யும், மடக்க மடக்க வலிக்கும், வலித்தாலும் மடக்க வேண்டும் என்றார். "சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றேன். கீறல் எழுத்தில் இடக்கையால் என் பெயரை நானே எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரரிடம், ஊருக்குப் போய்வரும்போது கூடத்தில் கிடக்கும் என் ஊசியையும் மிச்ச நூலையும் எடுத்துவரச் சொன்னேன். முறைத்தார்.

"அந்த எழவ இன்னும் கையால தொடுவியா?"

"மடக்கணும்னு சொன்னாகள்ல. சும்மா மடக்குனா வலி மட்டுந்தான் தெரியும். இதுன்னா குஞ்சும் வரும்."

கொண்டுவந்தார். ஊசியைச் சாணைக்கல்லில் தேய்த்துத் துருவெல்லாம் போக்கி, எண்ணெய் தடவி வைத்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம் இலவம் பஞ்சு.

வளையத்துக்குள் ஆறு கண்ணி போட எனக்கு ஒரு காலை முழுதும் ஆனது. நடுவிரல் சொன்னபடி கேட்காது. இல்லாத ஆள்காட்டி விரல் இருப்பதாக நினைத்து ஊசியைச் சாய்ப்பேன், ஊசி மடியில் விழும். ஒரு தடவை வீசி எறிந்ததில் கதீஜா பீவியின் கஞ்சிக் கோப்பைக்குள் போய் விழுந்தது. "எனக்கு இத வச்சுத் தொண்டையையும் கிழிக்கணுமா?" என்றார். வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆறாவது கண்ணி விழுந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் ஒரு குஞ்சு முடிந்தது. கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கதீஜா பீவி அதைத் தன் மார்மேல் வைத்துக்கொண்டு, "கழுத்துப் பிடிச்சிருக்கு இதுக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் துரைசாணி வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து உண்மையாகவே அழுதார். குஞ்சைப் பார்த்ததும் இன்னும் அழுதார். "இந்தக் கையாலா? இந்தக் கையாலா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஏதோ எழுதி, நூலில் கோத்துக் குஞ்சின் கழுத்தில் கட்டினார். அடுத்த தபாலில் இதுவும் சீமைக்குப் போகும், இதை மட்டும் தனியாக மேசைமேல் வைப்பார்கள் என்றார்.

இங்கிலீஷ் எழுத்து. ஞானப்பூ மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"என்ன எழுதிருக்கு, ஞானப்பூ?"

அவள் துரைசாணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள்: ஓர் ஏழை இந்துஸ்தானத்துப் பெண், கொடிய நோயில் விரலை இழந்தும், தன் எஜமானியின் அன்புக்கு நன்றியாகச் செய்தது.

"எந்த நோயி அம்மா அது? பேர் இருக்கா அதுக்கு?"

"அருளாயி, உனக்கு இன்னும் காய்ச்சல்..."

"காய்ச்சல் எறங்கி மூணு வாரமாச்சு. துருப்பிடிச்ச ஊசினு எழுதுங்க. அவ லீவு கேட்டா, நா குடுக்கலனு எழுதுங்க. பன்னெண்டு குஞ்சுக்காக நாலு நாளு வச்சிருந்தேன்னு எழுதுங்க. எழுதிட்டுக் கட்டுங்க, போகட்டும்."

துரைசாணியின் முகம் வெளுத்தது. குஞ்சைப் பைக்குள் வைக்கப் போனார். "குடுங்க" என்று இடக்கையை நீட்டினேன்.

"இது என்னுடைய நூல், அருளாயி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பழக்கத்தில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் சொன்னார்.

குஞ்சை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன். கழுத்துச் சீட்டை அறுத்து அவர் மடியில் வைத்தேன். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். றெக்கையைப் பிரித்தேன். பஞ்சைப் பிடுங்கி என் தலைமாட்டில் வைத்தேன். பிறகு கண்ணி கண்ணியாக இழுத்தேன். பின்னப் பத்து நாள் ஆனது, பிரிக்க ஒரு பாட்டுப் பாடும் நேரம்கூட ஆகவில்லை. உடம்பு, கழுத்து, தலை எல்லாம் போயின. கடைசியில் அந்த ஆறு கண்ணி. அதை இழுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. இழுத்தேன். நூலைச் சுற்றி உருண்டையாக்கி நீட்டினேன்.

"இந்தாங்க, உங்க நூலு."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து, பழக்கூடையை எடுக்க மறந்து, போய்விட்டார். உருண்டை கட்டிலுக்குக் கீழே உருண்டுபோனது. பெருக்குகிறவள் அதை என்ன செய்தாள் என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

மாசி கடைசியில் வீடு வந்தேன். கூடத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் கூடத்திலிருந்து மரியசெல்வம் வந்தாள். என்னோடு பின்னிய ஐந்து பேரில் சின்னவள். சந்தோஷமாக இருந்தாள். ஊசியெல்லாம் புதிதாக வந்துவிட்டதாம். போன வாரம் அவளுக்கு விரலில் குத்திவிட்டது, துரைசாணி பதறிப்போய் வேலையை அப்போதே நிறுத்தச் சொல்லி, தன் வண்டியிலேயே வைத்தியரிடம் அனுப்பினாராம். மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னாராம்.

"உன்னாலதான் மதினி. நீ அன்னைக்குச் சண்ட போட்டதாலதான்" என்றாள்.

அவள் விரலை வாங்கிப் பார்த்தேன். சின்னப் பொட்டு மாதிரி ஒரு தழும்பு, அதுவும் மறையப் போகிறது. எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, கையில் அகப்பட்ட சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "என்னடி ஆச்சு?" என்றார்.

"மூணு நாளு" என்றேன். "மூணு நாளு வீட்டுல இருன்னு சொல்ல அவுகளுக்கு முடிஞ்சிருக்கே!"